எதை நினைவில் வைப்பது, எதைக் கம்பியிடம் விடுவது?

 

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, சின்னப் பி.எல்.சி.களில், அதாவது புரோகிராம் எழுதி ஓட்டும் சின்னக் கன்ட்ரோலர்களில், ஒயரிங்கும் மெமரியும். இதில் பேச என்ன இருக்கிறது, கேட்லாக்கைப் புரட்டினால் போதாதா என்று சிலர் நினைக்கலாம். போதாது. எத்தனை பைட் மெமரி இருக்கிறது என்று கேட்லாக் சொல்லும். அந்த மெமரியில் எதை எழுதலாம், எதை எழுதவே கூடாது என்று சொல்லாது. எத்தனை இன்புட், எத்தனை அவுட்புட் என்று சொல்லும். எந்தக் கம்பியை அந்தப் பெட்டிக்குள் நுழையவிடக் கூடாது என்று சொல்லாது. கேட்லாக் சொல்லாததைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு ஹைட்ரமேட்டிக் என்றொரு பிரிவு இருந்தது. கார்களுக்குத் தானியங்கி கியர் பெட்டி செய்யும் பிரிவு அது. காரின் மாடல் மாறும்போதெல்லாம் தொழிற்சாலையின் ரிலே பேனல்களையும் மாற்ற வேண்டும். ஆயிரக்கணக்கான ரிலேக்கள், மைல் கணக்கில் கம்பி. பிரித்து மறுபடி கட்டுவதைவிடத் தூக்கி எறிவது சில சமயம் மலிவாக இருந்தது. இதற்கு மாற்று வேண்டும் என்று 1968-இல் அவர்கள் கேட்டார்கள். அதே ஆண்டின் முதல் நாள், ஜனவரி 1-ஆம் தேதி, டிக் மோர்லி என்ற பொறியாளர் அப்படிப்பட்ட ஒரு கருவிக்கான வரைவை எழுதி முடித்திருந்தார். முந்தின இரவின் கொண்டாட்டத் தலைவலியோடுதான் எழுதினேன் என்று பிற்காலத்தில் அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். அதிலிருந்து பிறந்ததுதான் மோடிகான் 084. அவர் பணியாற்றிய பெட்போர்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தின் 84-ஆவது வேலை என்பதால் அந்த எண். ஆரம்பகாலப் பெட்டிகளில் ஒன்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடி ஓய்வு பெற்றது.

அந்தக் கருவிக்குக் கட்டளை எழுத அதை உருவாக்கியவர்கள் புது மொழி எதையும் எலக்ட்ரீஷியன் தலையில் கட்டவில்லை. அவர் ஏற்கெனவே படித்துப் பழகியிருந்த ரிலே வரைபடத்தையே திரைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு செங்குத்துக் கோடு, நடுவே படிகள், படிகளில் கான்டாக்ட், கடைசியில் காயில். லேடர் என்று பெயர் பெற்ற அந்த வரைபடத்தை நம் ஒயர்மேன்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் அதுதான்.

அந்தப் படிகளுக்குப் பின்னால் ஒரு கணக்கும் உண்டு. வரிசையில் இரண்டு சுவிட்ச் போட்டால் 'இதுவும் அதுவும்', இணையாகப் போட்டால் 'இதுவோ அதுவோ' என்று 1937-இலேயே கணக்காக எழுதிக் காட்டியவர் கிளாட் ஷானன். எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்தபோது எழுதிய ஆய்வேடு அது. அப்போது அவருக்கு வயது 21. மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்!

சரி, பேனலைத் திறப்போம். சாதாரண ஸ்டார்ட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் சப்ளை முதலில் ஓவர்லோடு ரிலேயின் 95-96 வழியாக வருகிறது. பிறகு என்.சி. ஸ்டாப் பட்டன், அமுக்காதபோது மூடியிருப்பது. பிறகு என்.ஓ. ஸ்டார்ட் பட்டன், அமுக்காதபோது திறந்திருப்பது. பிறகு கான்டாக்டர் காயிலின் ஏ1, ஏ2. கான்டாக்டரின் துணைக் கான்டாக்ட் 13-14 ஸ்டார்ட்டுக்கு இணையாக நிற்கிறது. பச்சையை அமுக்கினால் கான்டாக்டர் டப்பென்று இழுக்கும், 13-14 மூடும். விரலை எடுத்தாலும் காயில் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். பட்டறையில் இதை ஹோல்டிங் என்கிறோம்.

இந்த ஹோல்டிங் என்ன தெரியுமா? மெமரி! ஒரே ஒரு பிட் மெமரி. 'ஸ்டார்ட் அமுக்கப்பட்டது' என்ற ஒரே செய்தியை அது நினைவில் வைத்திருக்கிறது. கரண்ட் போனால் மறந்துவிடுகிறது. கரண்ட் திரும்பி வந்தாலும் மோட்டார் ஓடாது. யாராவது வந்து பச்சையை மறுபடி அமுக்க வேண்டும். இது குறைபாடா? இல்லை. அந்த மறதியால் எத்தனை கைகள் தப்பியிருக்கின்றன!

இப்போது அதே மோட்டாரை ஒரு சின்னப் பி.எல்.சி.யில் போடுகிறார் நம் இளைஞர் ஒருவர். ஹோல்டிங் எதற்கு, செட், ரீசெட் என்று இரண்டு கட்டளை இருக்கிறதே என்று அதைப் போடுகிறார். ஸ்டார்ட் வந்தால் உள் மெமரியில் ஒரு எம் பிட் செட், ஸ்டாப் வந்தால் ரீசெட். நன்றாகத்தான் ஓடுகிறது. கரண்ட் போய் வந்தாலும் கவுன்டர் கணக்கு அழியக் கூடாது என்று கம்பெனிக்காரர் கேட்கிறார். இளைஞர் செட்டிங்கில் போய் எம் பிட்கள் மொத்தத்தையும் ரிடென்டிவ், அதாவது கரண்ட் போனாலும் மறக்காதவை, ஆக்கிவிடுகிறார். கணக்கு பத்திரம். ஆனால் அதே பகுதியில்தான் அந்த மோட்டார் பிட்டும் உட்கார்ந்திருக்கிறது. மத்தியானம் கரண்ட் போகிறது. கன்வேயர் நிற்கிறது. நின்றதுதானே என்று ஒருவர் பெல்ட்டுக்குள் கைவிட்டுச் சிக்கியிருக்கும் பஞ்சை எடுக்கிறார். கரண்ட் வருகிறது. பிட் இன்னும் 1. மேலே சொல்ல வேண்டியதில்லை.

இதில் கம்பி தவறு செய்ததா? இல்லை. மெமரி தவறு செய்ததா? அதுவும் இல்லை, சொன்னதைத்தான் செய்தது. எதை நினைவில் வைக்க வேண்டும், எதை மறக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. என் பேச்சு முழுவதும் இந்த ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வரப்போகிறது. கவுன்டர் கணக்கு நினைவில் இருக்கட்டும். ஓடிய மணிநேரம் இருக்கட்டும். ஆபரேட்டர் போட்ட செட் பாயின்ட் இருக்கட்டும். ஓட்டம் மட்டும் மறந்து போகட்டும்!

அடுத்து ஸ்டாப் பட்டன். எல்லாப் பட்டறையிலும் நடக்கிற கூத்து இது. ஸ்டாப் பட்டன் என்.சி. அதைப் பி.எல்.சி.யின் இன்புட்டுக்குக் கொண்டுவந்தால், யாரும் தொடாத நேரத்தில் அந்த இன்புட்டில் 24 வோல்ட் இருக்கும், விளக்கு எரியும், பிட் 1. ஆகவே லேடரில் அதற்குச் சாதாரணத் திறந்த கான்டாக்ட் போட வேண்டும். புதிதாக வந்தவர் என்ன செய்கிறார்? பட்டன் என்.சி.தானே என்று லேடரிலும் என்.சி. குறியையே போடுகிறார். மோட்டார் எடுக்கவில்லை. அரை மணி நேரம் பார்க்கிறார். பிறகு ஒரு வழி தோன்றுகிறது. பட்டனின் பின்பக்கம் என்.சி. எலிமென்டைக் கழற்றிவிட்டு என்.ஓ. எலிமென்டைப் போடுகிறார். மோட்டார் ஓடுகிறது. ஸ்டாப்பை அமுக்கினால் நிற்கவும் நிற்கிறது. பேனல் சோதனையில் பாஸ்!

எப்போது தெரியும் இதன் லட்சணம்? ஆறு மாதம் கழித்து டிரேயில் ஓடும் அந்த ஸ்டாப் கம்பியை எலி கடிக்கும்போது தெரியும். என்.சி.யாக இருந்திருந்தால் கம்பி அறுந்த அந்த நொடியே மோட்டார் நின்றிருக்கும். மெயின்டனன்ஸ்காரர் திட்டிக்கொண்டே வந்து கம்பியைத் தேடியிருப்பார். இப்போது? கம்பி அறுந்தது யாருக்கும் தெரியாது. மோட்டார் ஜோராக ஓடுகிறது. என்றைக்கு நிறுத்தியே ஆக வேண்டுமோ அன்றைக்குச் சிவப்பை எத்தனை முறை குத்தினாலும் நிற்காது. லேடரில் ஒரு குறியை மாற்ற வேண்டிய இடத்தில் பட்டனை மாற்றியதன் பலன் அது.

எமர்ஜென்சி ஸ்டாப்பைப் பற்றி ஒரே வார்த்தை. அந்தக் காளான் தலைப் பட்டன் சாதாரணப் பி.எல்.சி.யின் இன்புட்டை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. அதன் கான்டாக்ட், கான்டாக்டர் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை நேராகவே அறுக்க வேண்டும். அல்லது அதற்கென்றே சான்று பெற்ற சேஃப்டி ரிலே வழியாகப் போக வேண்டும். பி.எல்.சி.க்கும் செய்தி போகட்டும், தவறில்லை. ஆனால் அது செய்தியாக மட்டுமே போகட்டும். புரோகிராம் உறைந்து நின்றாலும், அவுட்புட் ரிலே ஒட்டிக்கொண்டாலும், கம்பி தன் வேலையைச் செய்யும். ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்காதீர்கள். பி.எல்.சி.க்குள் இருக்கும் ரிலே அவுட்புட் பல மாடல்களில் 2 ஆம்பியர்தான் தாங்கும். அதில் பெரிய கான்டாக்டர் காயிலை நேரே மாட்டி, ஸ்பார்க்கை அடக்க டையோடோ ஆர்.சி.யோ போடாமல் விட்டால் ஒட்டத்தான் செய்யும். நடுவில் ஒரு சின்ன ரிலே போடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இனி மெமரிப் பக்கம் வருவோம். ரிலே பேனலில் எல்லா ரிலேயும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். பி.எல்.சி. அப்படி அல்ல. மில்லில் ஷிப்ட் ஆரம்பத்தில் அட்டெண்டன்ஸ் எடுப்பது போலத்தான் அது. வாசலில் ஒருமுறை எல்லா இன்புட்டையும் பார்த்து மெமரியில் குறித்துக்கொள்ளும். பிறகு அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை கணக்குப் போடும். முடிவில் எல்லா அவுட்புட்டையும் ஒரேயடியாக எழுதும். மறுபடி முதலிலிருந்து. பதிவேடு மூடிய பிறகு வந்தவர் அந்த ஷிப்டில் இல்லாதவர்தான்.

இதிலிருந்து இரண்டு வியாதிகள் வருகின்றன. ஒன்று, ஒரே அவுட்புட்டுக்கு இரண்டு படிகளில் காயில் போடுவது. ஆட்டோவுக்கு ஒரு படி, மேனுவலுக்கு ஒரு படி, இரண்டிலும் அதே கியூ 0.0 அவுட்புட். ஆட்டோவில் எல்லா நிபந்தனையும் சரி, முதல் படி 1 என்று எழுதுகிறது. கீழே மேனுவல் படியில் நிபந்தனை இல்லை, அது 0 என்று அழித்து எழுதுகிறது. கடைசியில் எழுதியதுதான் வெளியே போகும். திரையில் முதல் படி பச்சையாக ஒளிர்கிறது, மோட்டாரோ அசையவில்லை. பி.எல்.சி. போய்விட்டது சார் என்று போன் வருகிறது. பி.எல்.சி. போகவில்லை. ஆட்டோவுக்கு ஒரு எம் பிட், மேனுவலுக்கு ஒரு எம் பிட், கடைசியில் ஒரே படியில் இரண்டையும் இணையாகப் போட்டு ஒரே காயில் எழுதுங்கள். செலவு இரண்டே பிட்.

இன்னொன்று, வேகமான பல்ஸ். 60 பல் உள்ள சக்கரம், 1500 ஆர்.பி.எம். பக்கத்தில் ஒரு பிராக்ஸிமிட்டி சென்சார். விநாடிக்கு 1500 பல்ஸ். பி.எல்.சி. ஒரு சுற்று முடிக்க 5 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால் விநாடிக்கு 200 முறைதான் வாசலைப் பார்க்கும். சாதாரணக் கவுன்டரில் 1500-ஐ எப்படி எண்ணும்? எண்ணாது. இதற்கென்றே ஹை ஸ்பீடு கவுன்டர் இன்புட்கள் இருக்கின்றன. அதில் மாட்டியும் எண்ணவில்லை என்றால் இன்புட் ஃபில்டரைப் பாருங்கள். சீமென்ஸ் எஸ்7-1200-இல் அது பெட்டியிலிருந்து வரும்போதே 6.4 மில்லி விநாடியில் இருக்கும். அதைக் குறைக்காமல் ஹை ஸ்பீடு என்று பேர் வைத்துப் பயன் இல்லை.

இப்போது இடப் பங்கீடு. பழைய சீமென்ஸ் எஸ்7-200 இன்னும் எத்தனையோ பேனல்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் 222 என்ற மாடலில் புரோகிராமுக்கு 4096 பைட், டேட்டாவுக்கு 2048 பைட். இன்றைய கைபேசியில் ஒரு புகைப்படத்துக்குக்கூட இது காணாது. ஆனால் ஒரு பம்ப் ஹவுஸுக்கு இது தாராளம். பற்றாக்குறையால் வந்த கோளாறைவிடப் பங்கீட்டுக் குழப்பத்தால் வந்த கோளாறுதான் அதிகம் என்பது என் கட்சி.

ஒரு கோளாறைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். வி.டபிள்யூ 100 என்ற டேட்டா வேர்டில் செட் பாயின்ட், ஆபரேட்டர் 300 என்று போடுகிறார். அடுத்த எண் 101தானே என்று வி.டபிள்யூ 101-இல் பீஸ் கணக்கை ஒவ்வொரு சுற்றிலும் எழுதுகிறார்கள். அடுத்தது 101 அல்ல! ஒரு வேர்டு என்பது இரண்டு பைட். வி.டபிள்யூ 100 என்பது பைட் 100-ம் பைட் 101-ம் சேர்ந்தது. வி.டபிள்யூ 101 என்பது பைட் 101-ம் 102-ம். நடுவில் இருக்கும் பைட் 101 இருவருக்கும் பொது. 300 என்ற எண், மேல் பைட்டில் 1, கீழ் பைட்டில் 44. அதாவது 256-ம் 44-ம். பீஸ் கணக்கு சின்ன எண்ணாக இருக்கும்வரை அது பைட் 101-இல் 0 எழுதும். 44 அழிந்தது. ஆபரேட்டர் போட்ட 300, திரையில் 256 என்று காட்டும். பீஸ் கணக்கு 256-ஐத் தொட்டதும் பைட் 101-இல் 1 ஏறும். செட் பாயின்ட் 257 ஆகும். யாரும் தொடவில்லை, எண் தானாக ஏறுகிறது! சென்சாரை மாற்றுவார்கள், கேபிளுக்கு ஷீல்டு போடுவார்கள், எர்த் சரியில்லை என்பார்கள். வேர்டுகளை 100, 102, 104 என்று இரட்டைப்படையில் வைத்திருந்தால் முடிந்தது கதை.

எண்ணுக்கும் உயரம் உண்டு. அதே எஸ்7-200-இல் 100 மில்லி விநாடி டைமர் 32,767 வரைதான் எண்ணும். அதாவது 3276.7 விநாடி, ஒரு மணி நேரம்கூட இல்லை, 54 நிமிடமும் சொச்சமும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பம்பை மாற்று என்று சொன்னால் ஒரே டைமரில் முடியாது. நிமிடத்துக்கு ஒரு பல்ஸ் தரும் எஸ்.எம். 0.4 பிட்டை வைத்துக்கொண்டு கவுன்டரில் 60 எண்ண வேண்டும். அந்தப் பல்ஸ் உங்கள் பம்புக்காகக் காத்திருக்காது, தன்பாட்டுக்கு ஓடும். ஆகவே முதல் நிமிடம் முழு நிமிடமாக இராது. பம்புக்கு அது பரவாயில்லை. சாயப்பட்டறையில் நேரம் வைப்பதாக இருந்தால் யோசியுங்கள்.

எஸ்7-200-ஐவிடச் சின்னது சீமென்ஸ் லோகோ. அதன் 0பிஏ6 தலைமுறையில் 200 பிளாக் போடலாம், புரோகிராமுக்கு 3800 பைட். 'அண்ட்' பிளாக் ஒன்று 12 பைட். வெறும் 'அண்ட்', 'ஆர்' என்று போட்டால் 200 பிளாக்குக்கு 2400 பைட்தான், இடம் மிச்சம். ஆனால் கவுன்டர் போன்றவை இதில் இரு மடங்கும் அதற்கு மேலும் தின்னும். சராசரி 24 பைட் என்று வைத்தால் 158 பிளாக்கிலேயே மெமரி தீர்ந்துவிடும். கரண்ட் போனாலும் மறக்காத நினைவு வெறும் 250 பைட். ஓடிய மணிநேரத்தை எண்ணும் பிளாக் ஒன்றே அதில் 9 எடுத்துக்கொள்ளும். ஆக எல்லாவற்றையும் ரிடென்டிவ் ஆக்கும் ஊதாரித்தனத்துக்கு இங்கே இடமே இல்லை. நல்லதுதான் என்பேன். இரண்டு லெவல் சுவிட்சும் ஆஃப் என்றால் அலாரம் என்பதற்கு இரண்டு 'நாட்', ஒரு 'அண்ட்' என்று மூன்று பிளாக் போடாமல் ஒரே 'நார்' பிளாக்கில் முடிப்பவர்தான் என் கணக்கில் கெட்டிக்காரர்.

போர்டு வைத்துத் தாங்களே கன்ட்ரோலர் செய்யும் மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அர்டுயினோ ஊனோ ஆர்3-இல் இருக்கும் ஏ.டி.மெகா 328பி சிப்புக்குள் 1024 பைட் ஈப்ராம் இருக்கிறது. கரண்ட் போனாலும் மறக்காது. ஆனால் ஒரு செல்லில் 1,00,000 முறை எழுதலாம் என்றுதான் தயாரித்தவர் உத்தரவாதம் தருகிறார். கவுன்டர் கணக்கு அழியாமல் இருக்க விநாடிக்கு ஒருமுறை ஒரே இடத்தில் எழுதினால் என்ன ஆகும்? 28 மணி நேரத்துக்குள் அந்த உத்தரவாதம் தீர்ந்தது. நிமிடத்துக்கு ஒருமுறை என்றாலும் 69 நாள். எண் மாறும்போது மட்டும் எழுதுங்கள், இடம் மாற்றி மாற்றி எழுதுங்கள். முடிந்தால் கரண்ட் சரியும் அந்தக் கணத்தைப் பிடித்து, ஒரு கெபாசிட்டரின் தயவில் ஒரே ஒருமுறை எழுதுங்கள்.

தோழர்களே, கம்பிக்கு நாம் ஒரு மரியாதை வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கம்பியின் இரு நுனியிலும் லக் அடிக்கிறோம், ஃபெரூல் எண் மாட்டுகிறோம், டக்டில் ஒழுங்காகப் படுக்க வைக்கிறோம். எண் இல்லாத பேனலை இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்பினால் வாங்குவார்களா? வாங்க மாட்டார்கள். பெட்டிக்குள் இருக்கும் எம் 3.5 எந்த வேலைக்கு என்று மட்டும் யாரும் எழுதி வைப்பதில்லை. புரோகிராம் எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், லேப்டாப் அவரோடு போய்விட்டது, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு டைமரை மாற்ற முடியாமல் முழு புரோகிராமையும் புதிதாக எழுதுகிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸ்காரர்கள் எந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்க 1968-இல் இந்தக் கருவியைக் கேட்டார்களோ, அதே தொல்லையை நாம் மெமரிக்குள் குடிவைத்துவிட்டோம்!

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த பேனலை நீங்கள் அனுப்பும்போது, கதவின் உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டுங்கள். அதில் மூன்று தாள் வையுங்கள். எந்த இன்புட்டில், எந்த அவுட்புட்டில் என்ன மாட்டியிருக்கிறது என்ற பட்டியல் ஒன்று. எந்த மெமரி இடம் எதற்கு, அதில் எது ரிடென்டிவ் என்ற பட்டியல் இன்னொன்று. லேடரின் பிரின்ட் மூன்றாவது. புரோகிராமின் நகலைக் கம்பெனிக்காரர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பில் போடுவதற்கு முன் மெயினை ஆஃப் செய்து ஆன் செய்து பாருங்கள், எதுவும் தானாக ஓடக் கூடாது. ஸ்டாப் பட்டனின் கம்பியை ஒருமுறை டெர்மினலிலிருந்து கழற்றிப் பாருங்கள், மோட்டார் நின்றே ஆக வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது. இந்த இரண்டும் பார்க்காத பேனலை உங்கள் பட்டறை வாசலைத் தாண்ட விடாதீர்கள்.